ஒளி தராத விளக்கு: இஸ்னிக் பீங்கான் பள்ளிவாசல் விளக்கைப் பார்த்துப் படிப்பது எப்படி?

பெரிய அருங்காட்சியகங்களின் இஸ்லாமியக் கலைப் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் பூச்சாடி மாதிரி ஒன்று நிற்கும். வாய் அகன்று, கழுத்து குறுகி, வயிறு உப்பி, அடியில் ஒரு வளையத்தில் நிற்கும் உருவம். பூச்சாடிதான் என்று பலர் கடந்துபோய்விடுவார்கள். வயிற்றுப் பகுதியில் மூன்று சிறிய காதுகள் இருப்பதைக் கவனிப்பவர்கள் மட்டும் நின்று பார்ப்பார்கள். பூச்சாடிக்கு எதற்குக் காது? சங்கிலி கோத்துத் தொங்கவிடத்தான். அது விளக்கு.

துருக்கியின் இஸ்னிக் ஊரில் 16-ஆம் நூற்றாண்டில் செய்யப்பட்ட இந்தப் பீங்கான் விளக்குகள் மிகக் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. ஒன்றை நேரில் பார்க்கும்போதோ, அருங்காட்சியக இணையதளத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போதோ எதை முதலில் பார்ப்பது, எதிலிருந்து காலத்தைக் கணிப்பது, எதை நம்பக் கூடாது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். அரபு எழுத்து தெரியாவிட்டாலும் பாதிக்கு மேல் பிடிபட்டுவிடும்.

படி 1: வெளிச்சம் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள்

முதல் கேள்வியே இதுதான். பீங்கானுக்குள் வெளிச்சம் ஊடுருவாது. உள்ளே தீபம் வைத்தாலும் வாய் வழியாக மேலே கொஞ்சம் ஒளி போகும், அவ்வளவுதான். தொழுபவர்கள் இருப்பது கீழே. அப்படியானால் விளக்கு வேலையையே செய்யாத ஒன்றை விளக்கு உருவத்தில் எதற்குச் செய்தார்கள்?

இந்த உருவம் கண்ணாடியிலிருந்து வந்தது. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக் சுல்தான்கள் காலத்தில், குறிப்பாக 14-ஆம் நூற்றாண்டில், பள்ளிவாசல்களுக்கென்று எனாமல் வண்ணமும் பொன்னும் பூசிய கண்ணாடி விளக்குகள் செய்யப்பட்டன. கெய்ரோவில் சுல்தான் ஹசன் கட்டிய பள்ளிவாசலுக்குச் செய்தவை இந்த வகையில் பெயர் பெற்றவை. அந்த விளக்கு வேலை செய்த விதம் எளிமையானது. உள்ளே ஒரு சிறு கிண்ணம், அதில் தண்ணீர், தண்ணீர்மேல் எண்ணெய், எண்ணெயில் திரி. ஏற்றியதும் சுவரெழுத்துகள் மாதிரி பெரிதாக எழுதிய வசனம் உள்ளிருந்து ஒளிரும். படிப்பவர் கண்ணுக்கு எழுத்தே எரிவதுபோல் தெரியும்.

இஸ்னிக் குயவர்கள் இந்த உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, பொருளை மட்டும் மாற்றினார்கள். அகன்ற வாய், உப்பிய வயிறு, காதுகள் எல்லாம் கண்ணாடி விளக்கின் மாதிரியிலேயே இருக்கும். ஒளியை மட்டும் கைவிட்டார்கள். உண்மையான வெளிச்சத்துக்கு வேறு ஏற்பாடு இருந்தது. கும்மட்டத்திலிருந்து தொங்கும் பெரிய இரும்பு வளையங்களில் சிறுசிறு கண்ணாடிக் கிண்ணங்கள் வரிசையாக எரிந்தன. கண்ணாடி விளக்கின் தேவை குறைந்துவிடவும் இல்லை. 1569-இல் உஸ்மானியப் பேரரசின் பிரதம அமைச்சர் சொகொல்லு மெஹ்மத் பாஷா, பள்ளிவாசலுக்கு வேண்டிய கண்ணாடி விளக்குகளை நூற்றுக்கணக்கில் வெனிஸ் நகரத்தில் செய்துதரச் சொல்லி ஓவியமும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். ஆகவே கண்ணாடி கிடைக்காததால் பீங்கானுக்குப் போனார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அடுத்த படியைப் பார்த்தால் என் கணிப்பு புரியும்.

படி 2: ஒளி வசனத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

திருக்குர்ஆனின் அந்நூர் அத்தியாயம், 35-ஆம் வசனம். அல்லாஹ் வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி. அவன் ஒளிக்கு உவமை ஒரு மாடம், மாடத்துக்குள் விளக்கு, விளக்கு கண்ணாடிக்குள், கண்ணாடி மின்னும் நட்சத்திரம்போல் என்று அது விரிகிறது. கிழக்குமல்லாத மேற்குமல்லாத ஒலிவ மரத்து எண்ணெய், நெருப்பு தொடாமலே ஒளிவிடப் பார்க்கிற எண்ணெய், ஒளிக்குமேல் ஒளி.

பள்ளிவாசலில் தொங்கும் விளக்கு இந்த வசனத்தின் வடிவமாக ஆகிவிட்டது. அதனால்தான் எரியாத விளக்குகளும் எங்கும் தென்படும். ஈரானின் காஷான் நகரத்து மிஹ்ராப் (தொழுகைத் திசையைக் காட்டும் மாடம்) ஓடுகளில் விளக்கு சித்திரமாகத் தொங்குகிறது. தொழுகை விரிப்புகளில் மாடத்தின் நடுவே நெய்யப்பட்டிருக்கிறது. நமக்குப் பக்கத்தில் குஜராத்தின் கம்பாத் துறைமுகத்தில் செதுக்கி, கடல்வழியாக சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போன பளிங்குக் கல்லறைக் கற்களிலும் மாடமும் விளக்கும் உண்டு. ஜாவாவின் கிரெசிக்கில் 1419-இல் இறந்த மௌலானா மாலிக் இப்ராஹீமின் கல்லறை அந்த வகையைச் சேர்ந்தது. கல்லில் செதுக்கிய விளக்கை யாரும் ஏற்றப் போவதில்லை. பீங்கான் விளக்கும் அந்தக் குடும்பம்தான். ஓவியத்தில் இருந்த விளக்கை எடுத்து நிஜமாகத் தொங்கவிட்டது மாதிரி.

ஒரு நெருடல் மட்டும் இருக்கிறது. வசனம் கண்ணாடியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வசனத்தை மதிப்பதற்காகச் செய்த பொருளில் அந்தக் கண்ணாடி இல்லை. குயவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அவர்கள் செய்ததில் பளபளப்பான கண்ணாடிப் பூச்சு மேலே ஓடுகிறது, விளக்கு வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. வெளிச்சத்தை உள்ளேயிருந்து தராமல் வெளியேயிருந்து வாங்கிக் காட்டுகிறது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

படி 3: காதுகளையும் சங்கிலியையும் பாருங்கள்

இஸ்னிக் விளக்கில் பெரும்பாலும் மூன்று காதுகள். மம்லூக் கண்ணாடி விளக்கில் ஆறு வரைகூட இருக்கும். காதின் உள்விளிம்பில் பூச்சு தேய்ந்திருந்தால் சங்கிலி உராய்ந்திருக்கிறது, தொங்கிய விளக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். காது உடைந்து ஒட்டியிருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம், முதலில் போவது அதுதான்.

மூன்று சங்கிலிகளும் மேலே சேரும் இடத்தில் முட்டை வடிவத்தில் ஒரு பொருள் கோத்திருப்பார்கள். தீக்கோழி முட்டையும் உண்டு, பீங்கான் முட்டையும் உண்டு. ஏன் என்று கேட்டால் இரண்டு விளக்கங்கள் வரும். தீக்கோழி முட்டை இருந்தால் சிலந்தி வலை கட்டாது என்பது ஒன்று. எண்ணெய் குடிக்கச் சங்கிலி வழியாக இறங்கும் எலி முட்டையில் வழுக்கிவிடும் என்பது இன்னொன்று. எண்ணெயே இல்லாத விளக்குக்கு எலிக்காவல் எதற்கு என்று தோன்றுவதால் எனக்கு இரண்டாவதில் நம்பிக்கை குறைவு. அழகுக்கும் மரியாதைக்கும் வைத்தது என்பதே போதுமான காரணம். கிறிஸ்தவர்களிடமும் இதே பழக்கம் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் துருக்கியின் கூத்தாஹ்யா ஊரின் ஆர்மீனியக் குயவர்கள் தேவதை முகங்கள் தீட்டிய பீங்கான் முட்டைகள் செய்து தேவாலயங்களுக்குக் கொடுத்தார்கள். ஜெரூசலத்தின் ஆர்மீனியப் பேராலயத்தில் விளக்குகளுக்கு மேலே அவை தொங்கின.

படி 4: அடிவளையத்தில் மண்ணைப் பாருங்கள்

பூச்சு போகாத இடம் அடிவளையம்தான். அங்கே வெள்ளையாக, சற்றுச் சர்க்கரை உடைந்த மாதிரி நுண்மணல் தன்மையோடு தெரிந்தால் அது சாதாரணக் களிமண் இல்லை. சீனத்துப் பீங்கானின் வெள்ளை இஸ்லாமிய நாடுகளை மயக்கியது, ஆனால் அந்தச் சீனக் களி அங்கே கிடைக்கவில்லை. அதற்கு மாற்றாகப் படிகக்கல்லை மாவாக இடித்து, கண்ணாடித் தூளும் கொஞ்சம் வெண்களியும் கலந்து பிசைந்தார்கள். 1301-இல் காஷானைச் சேர்ந்த அபுல் காசிம் எழுதிவைத்த குறிப்பில் படிகக்கல் 10 பங்கு, கண்ணாடித் தூள் 1 பங்கு, வெண்களி 1 பங்கு என்று கணக்கே இருக்கிறது. இஸ்னிக்கின் கலவை இதிலிருந்து வேறுபட்டது, ஈயம் கலந்த கண்ணாடித் தூளை அவர்கள் பாத்திரம் செய்யும் மாவிலேயே சேர்த்தார்கள். ஆனாலும் அடிப்படை அதே படிகக்கல்தான்.

இந்த மாவில் பிசுபிசுப்பு குறைவு. சக்கரத்தில் வைத்து உயரமாக வனைய அது இணங்கிவராது. பெரிய பாத்திரங்களைப் பகுதி பகுதியாகச் செய்து கலவையால் ஒட்டினார்கள். படத்தைப் பெரிதாக்கி, கழுத்தும் வயிறும் சேரும் இடத்தைப் பாருங்கள். சில விளக்குகளில் லேசான மேடு தெரியும். அந்த மேட்டின் மேலேயே ஒரு கோட்டு அலங்காரம் ஓடினால் ஒட்டை மறைக்கத்தான் என்று நான் எடுத்துக்கொள்வேன்.

வனைந்து முடித்ததும் மேலே மெல்லிய வெண்பூச்சு, அதன்மேல் வண்ணம், கடைசியில் ஈயமும் காரமும் கலந்த ஒளிபுகும் கண்ணாடிப் பூச்சு. சூளையில் சுமார் 900 டிகிரி செல்சியஸ். வண்ணம் பூச்சுக்குக் கீழே இருப்பதால்தான் 450 வருடம் ஆகியும் மங்கவில்லை.

படி 5: சிவப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்

காலத்தைக் கணிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. இஸ்னிக்கின் வண்ணப் பெட்டி படிப்படியாகப் புதிய நிறங்களைச் சேர்த்துக்கொண்டே போனது.

முதல் கட்டம் நீலமும் வெள்ளையும். கோபால்ட் நீலம் மட்டும், அதுவும் கொஞ்சம் கறுத்த, ஆழமான நீலம். 1512-இல் இறந்த சுல்தான் இரண்டாம் பாயஸீதின் அடக்கத்தலத்திலிருந்து வந்த விளக்குகள் இந்த வகை. இவற்றில் முடிச்சு முடிச்சாகப் பின்னிய அலங்காரங்களைப் பார்க்கலாம். பள்ளிவாசல் விளக்கு என்று பொதுவாகச் சொன்னாலும் இவை தொங்கியது கல்லறை மண்டபத்தில் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அதற்கடுத்து செம்பிலிருந்து வரும் டர்க்காய்ஸ் நீலம் சேர்கிறது, 1540-களில் சாம்பல் பச்சையும் மாங்கனீசு ஊதாவும். கோடுகள் கருமையாக, வெட்டினாற்போல் கூர்மையாக மாறுகின்றன.

பிறகு வருகிறது சிவப்பு. 1557-இல் கட்டட மேதை சினான் முடித்துக்கொடுத்த இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலின் கிப்லா சுவர் (மக்காவின் திசையில் உள்ள சுவர்) ஓடுகளில் அது தலைகாட்டியது. அதே பள்ளிவாசலுக்கு ஏறக்குறைய அதே ஆண்டில் செய்த ஒரு பெரிய விளக்கு இன்று லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதிலும் சிவப்பு உண்டு.

இந்தச் சிவப்பைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். மற்ற நிறங்கள் எல்லாம் சாயம் மாதிரிச் சமமாகப் படிந்திருக்கும். சிவப்பு மட்டும் மேடாக நிற்கும். பக்கவாட்டில் ஒளி விழும் படத்தில் மேட்டின் விளிம்பில் நிழல்கூடத் தெரியும். காரணம், அது சாயமே இல்லை. இரும்பு மிகுந்த ஒருவகைச் செம்மண்ணைக் குழம்பாக்கிக் கெட்டியாக வைத்திருக்கிறார்கள். மெல்லியதாகத் தடவினால் சூளையில் பழுப்பாகிவிடும், அதிகமாக வைத்தால் பூச்சு மூடாமல் சொரசொரப்பாக நிற்கும். தக்காளிச் சிவப்பு சரியாக விழுந்த காலம் என்று பார்த்தால் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி மட்டும்தான். 17-ஆம் நூற்றாண்டு நகர நகர அது செங்கல் நிறமாகி, பழுப்பாகி, நீலமும் கோட்டைத் தாண்டிக் கசியத் தொடங்குகிறது.

சிவப்பு இல்லை என்றால் 1557-க்கு முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடவும் கூடாது. சிவப்பே பயன்படுத்தாத பொருள்கள் பின்னாலும் செய்யப்பட்டன. ஆனால் நல்ல சிவப்பு இருந்தால் 1550-களின் நடுப்பகுதிக்கு முன்னால் போகவே முடியாது. இந்த ஒரு திசையில் விதி உறுதியானது.

படி 6: எழுத்தை வலமிருந்து சுற்றிப் படியுங்கள்

கழுத்தில் ஒரு பட்டை, வயிற்றில் ஒரு பட்டை என எழுத்து சுற்றிவரும். ஒரே படத்தில் முழு வரியும் கிடைக்காது, பல கோணங்களில் எடுத்த படங்கள் வேண்டும். எல்லாவற்றிலும் ஒளி வசனம்தான் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இஸ்லாமிய நம்பிக்கையின் உறுதிமொழியான கலிமாவாக இருக்கலாம், அல்லாஹ், முஹம்மது, அலி என்ற பெயர்களாக இருக்கலாம், வேறு வசனங்களாகவும் இருக்கலாம்.

எழுத்து வகையையும் கவனியுங்கள். கோணம் கோணமாக நிமிர்ந்து நிற்பது கூஃபி. வளைந்து, நீண்ட தண்டுகளோடு ஓடுவது துலுத். பீங்கானில் எழுதியவர் எழுத்துக்கலை வல்லுநராகவே இருக்க வேண்டும் என்றில்லை. மாதிரித் தாளைப் பார்த்துத் தீட்டியபோது எழுத்து சிதைந்து, படிக்க முடியாத அலங்காரமாகிப் போன இடங்களும் உண்டு. அரபு தெரிந்த நண்பர் படிக்கத் திணறினால் தப்பு அவர்மேல் இருக்க வேண்டியதில்லை.

எழுத்துக்கு இடையில் இருக்கும் அலங்காரமும் பேசும். சீனாவிலிருந்து வந்த மேகச் சுருள், தாமரை மாதிரியான கற்பனைப் பூ, நீண்டு வளைந்த ரம்பப் பல் இலை, பிறகு 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் துலிப்பும் கார்னேஷனும். துலிப் இருக்கும் விளக்கை 1512-க்குத் தள்ள முடியாது.

படி 7: அடியில் என்ன எழுதியிருக்கிறது?

இந்தப் படிக்கு ஒரே ஒரு விளக்குதான் உதாரணம், ஆனால் அதுவே போதும்.

சுல்தான் சுலைமான் ஜெரூசலத்தில் பொன் கும்மட்டத்தோடு நிற்கும் குப்பத்துஸ் ஸக்ராவைப் (பாறைக் குவிமாடம்) புதுப்பித்து வெளிச்சுவர்களில் ஓடு பதித்தார். 1540-களின் நடுவில் தொடங்கிய அந்த வேலைக் காலத்தைச் சேர்ந்த ஒரு பீங்கான் விளக்கு அங்கே இருந்தது. 38 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான உயரம். நீலம், டர்க்காய்ஸ், கறுப்பு. சிவப்பு கிடையாது. 1887-இல் டிரூரி ஃபோர்ட்னம் என்ற சேகரிப்பாளர் அதைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

அதன் அடிப்பகுதியில் சிறிய எழுத்தில் ஹிஜ்ரி 956, அதாவது கி.பி. 1549 என்ற தேதி, முஸ்லி என்ற கைவினைஞரின் பெயர், இஸ்னிக்கின் இறைநேசர் அஷ்ரஃப்சாதா ரூமியின் பெயரிலான வேண்டுதல் எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலத்துப் பீங்கானில் செய்தவர் பெயரும் தேதியும் ஊர் அடையாளமும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம்.

ஏன் இதற்கு இத்தனை முக்கியத்துவம் என்றால், 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் இந்தப் பீங்கான்களுக்குத் தாறுமாறாக ஊர் கற்பித்திருந்தார்கள். ஊதாவும் சாம்பல் பச்சையும் உள்ளதை டமாஸ்கஸ் என்றார்கள். சிவப்பு உள்ளதை ரோட்ஸ் என்றார்கள், ஏனென்றால் பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகம் நூற்றுக்கணக்கான துண்டுகளை ரோட்ஸ் தீவில்தான் வாங்கியிருந்தது. வாங்கிய இடத்தையே செய்த இடமாக்கிவிட்டார்கள். டமாஸ்கஸ் என்று அழைத்த வகையோடு ஒத்துப்போகும் ஒரு விளக்கின் அடியில் இஸ்னிக் இறைநேசரின் பெயர் இருப்பது அந்தக் கற்பனையைக் கவிழ்த்தது. பழைய ஏலப் பட்டியல்களில் இன்னும் அந்தப் பெயர்கள் கண்ணில் படும். டமாஸ்கஸ் என்றிருந்தால் 1540 முதல் 1555 வரையிலான இஸ்னிக், ரோட்ஸ் என்றிருந்தால் சிவப்பு வந்த பிறகான இஸ்னிக் என்று மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

1549 விளக்கையும் சுலைமானியாவின் 1557 விளக்கையும் அடுத்தடுத்த சாளரங்களில் திறந்துவைத்துப் பாருங்கள். இடையில் எட்டே வருடம். ஒரே பேரரசர், ஒரே ஊர். முதலாவதில் நுணுக்கமும் அடக்கமும், இரண்டாவதில் உயரமும் துணிச்சலும் சிவப்பும். எனக்கு முதலாவதுதான் பிடிக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரியாத நுணுக்கத்தை அத்தனை பொறுமையாகச் செய்திருக்கிறார் முஸ்லி.

படி 8: போலியா என்று சோதியுங்கள்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவில் இஸ்னிக் மோகம் பிடித்தது. பாரிஸின் சாம்சன் நிறுவனமும் ஃபுளோரன்ஸின் கந்தகல்லி பட்டறையும் அதே பாணியில் செய்து விற்றன. ஏமாற்றும் நோக்கம் எல்லாவற்றுக்கும் இல்லை. கந்தகல்லி தன் பொருளின் அடியில் சேவல் முத்திரை வைத்தது. முத்திரை தேய்க்கப்பட்டுப் பழையதாக விற்கப்படும்போதுதான் சிக்கல்.

சேவல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு சிவப்புக்குத் திரும்புங்கள். மேடில்லாமல் சமமாக இருந்தால் சந்தேகப்படலாம். வெள்ளை மிக நீலமாகவோ, காகிதம்போல் சீராகவோ இருந்தாலும் சந்தேகப்படலாம். கோடுகள் ஒரே அகலத்தில் இயந்திரம்போல் ஓடினால் இன்னும் அதிகமாக.

இஸ்தான்புல் கடைத்தெருவில் இன்று கிடைக்கும் பீங்கான் விளக்குகள் பெரும்பாலும் கூத்தாஹ்யாவில் செய்தவை, சுற்றுலாப் பயணிக்கானவை. அவற்றைப் புதியவை என்று தெரிந்தே வாங்குவதில் தவறில்லை. இஸ்னிக்கிலேயே 1993-இல் தொடங்கிய ஒரு அறக்கட்டளை பழைய படிகக்கல் முறையை ஆராய்ந்து மீண்டும் ஓடுகள் செய்கிறது. கூடவே, இங்கே ஒளி உள்ளிருந்து வரும் வண்ணக் கண்ணாடித் துண்டு விளக்குகளைத் துருக்கிய விளக்கு என்று விற்கிறார்களே, அவற்றுக்கும் இந்த மரபுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு.

எங்கே பார்க்கலாம்

இஸ்தான்புல் தொல்பொருள் அருங்காட்சியக வளாகத்தில் உள்ள சினிலி கோஷ்கு, அதாவது ஓடு பதித்த மாளிகை, முதல் இடம். சுல்தான் இரண்டாம் மெஹ்மத் 1472-இல் கட்டிய மாளிகை அது, பாயஸீத் அடக்கத்தல விளக்குகள் அங்கே உள்ளன. லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகமும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டும் ஒரே நாளில் பார்க்கக்கூடியவை. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டனிலும் உண்டு.

சுலைமானியாவுக்குப் போனால் விளக்கு இல்லையே என்று ஏமாறாமல் மேற்கூரை அமைப்பைக் கவனியுங்கள். ஆயிரக்கணக்கான எண்ணெய் விளக்குகளின் புகைக்கரி ஓவியங்களைக் கெடுக்காதபடி, காற்றோட்டத்தால் அது வாசலுக்கு மேலுள்ள ஓர் அறைக்கு இழுக்கப்பட்டது. அங்கே படிந்த கரியைச் சுரண்டி எழுத்து மை செய்தார்கள். ஒளி தந்த விளக்குகள் மையாகி வசனம் எழுதப் போயின. பீங்கான் விளக்கு கரியும் தரவில்லை.

ஊரில் இருந்தபடியே பார்ப்பதென்றால் அருங்காட்சியக இணையதளங்களில் பொருள் எண்ணோடு தேடுங்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் 1549 விளக்குக்கு 1887,0516.1 என்பது எண். திறந்ததும் முகப்புப் படத்தோடு நின்றுவிடாமல், விளக்கைக் கவிழ்த்து எடுத்த அடிப்பகுதிப் படம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.